இணக்கத் தொகுப்புகளை எப்போது நீக்கலாம், யாரைக் கேட்டு?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேசும் ஊர்கள். பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிகளின் கணினி அறைகளில் ஓடுவது லினக்ஸ் என்னும் கட்டணமில்லா இயங்குதளம். கேரள அரசு 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அந்தப் பொறுப்பு 2017-இல் உருவான ‘கைட்’ நிறுவனத்திடம் இருக்கிறது. 2019-இல் உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலின் (லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் வடிவம்) 18.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட பள்ளிப் பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது நிறுவப்படும் என்றும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அறிவிப்பு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் லினக்ஸ் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. உலகின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் தன்னார்வலர்கள், “இந்தப் பழைய தொகுப்பை இனிப் பராமரிக்க மாட்டோம்” என்று எடுக்கும் முடிவு, ஓரிரு ஆண்டுகளில் கொழிஞ்சாம்பாறையின் ஒரு வகுப்பறைக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ வந்து சேர்கிறது. அந்த முடிவுகளில் பெரும்பாலானவை சரியானவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவை எடுக்கப்படும்போது யாருடைய குரல் கேட்கிறது, யாருடையது கேட்பதில்லை என்பதை நாம் பேச வேண்டியிருக்கிறது.

இணக்கத் தொகுப்பு என்றால் என்ன? ஓர் இயங்குதளத்தில் ஒவ்வொரு மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வதில்லை. படத்தைத் திறக்க, இணையத்தில் மறையாக்கம் செய்ய, எழுத்தைத் திரையில் வரைய என்று பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்துண்டுகள், அதாவது பொது லைப்ரரிகள், உண்டு. மென்பொருள் அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கும். தமிழகமும் கேரளமும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வந்துசேர வேண்டும் என்பதே அதில் நமக்கான கணக்கு. மேலே எந்த அணையில் எவ்வளவு தேக்குகிறார்கள், எந்தச் சுரங்கம் வழியாகத் திருப்புகிறார்கள் என்பதெல்லாம் நம் விவசாயியின் கவலையில்லை. மணக்கடவு அளவு சரியாக இருந்தால் போதும். லைப்ரரிக்கும் மென்பொருளுக்கும் இடையில் இருப்பது இப்படிப்பட்ட ஓர் அளவைப் புள்ளி. லைப்ரரியின் உள்ளே எதை மாற்றினாலும் அந்தப் புள்ளி மாறாதவரை பழைய மென்பொருள் ஓடும். புள்ளியையே மாற்ற வேண்டிய நிலை வந்தால், லைப்ரரியின் பெயரோடு ஒட்டியிருக்கும் எண்ணை உயர்த்துவார்கள். இணைய மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.1 பதிப்பைக் கேட்கும் மென்பொருளிடம் 3-ஐக் கொடுத்தால் அது ஏற்றுக்கொள்ளாது. அப்படிப்பட்ட பழைய மென்பொருள்களுக்காக, புதியதன் பக்கத்திலேயே பழைய எண்ணுள்ள லைப்ரரியையும் சில காலம் வைத்திருப்பார்கள். அதுதான் இணக்கத் தொகுப்பு.

இதில் வகைகள் உண்டு. சில வெறும் பெயர்ப்பலகைகள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலில் எழுத்துருத் தொகுப்புகளின் பெயர்கள் ஒரு காலத்தில் ‘டிடிஎஃப்’ என்று தொடங்கின. பிறகு ‘ஃபான்ட்ஸ்’ என்று தொடங்கும்படி மாற்றினார்கள். பழைய பெயரில் நிறுவியவர்கள் தவித்துவிடக் கூடாது என்று, உள்ளே ஒன்றுமில்லாத, புதிய பெயரை மட்டும் சுட்டும் தொகுப்புகளைச் சில காலம் விட்டுவைத்தார்கள். இவற்றை நீக்குவதில் யாருக்கும் வலியில்லை. வலி எல்லாம் உண்மையான பழைய நிரல் உள்ளே இருக்கும் தொகுப்புகளில்தான்.

ஓப்பன்எஸ்எஸ்எல் அதற்கு நல்ல சான்று. அதன் 1.0.2 பதிப்புக்கான பொது ஆதரவு 2019 டிசம்பர் 31-இல் முடிந்தது. 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11. பதிப்பு 3.0 வந்தது 2021 செப்டம்பரில். ஃபெடோரா என்ற வழங்கல், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0-க்கென்று தனி இணக்கத் தொகுப்பைச் சில ஆண்டுகள் வைத்திருந்து பிறகு கைவிட்டது. உபுண்டு 22.04-உம் டெபியன் 12-உம் பதிப்பு 3-ஐ மட்டுமே தருகின்றன. அந்த நாட்களில் பலர் செய்தது என்ன? பழைய பதிப்பின் களஞ்சியத்திலிருந்து (வழங்கல் தன் தொகுப்புகளை வைத்திருக்கும் இணையக் கிடங்கு) 1.1 கோப்பைத் தேடி இறக்கி, புதிய கணினியில் கையால் நிறுவினார்கள். வேலை நடந்தது, மறந்துவிட்டார்கள். இதைவிட ஆபத்தான வழி இல்லை. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை இதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டபோது, லினக்ஸ் வழங்கல்கள் ஒரே ஒரு லைப்ரரியைத் திருத்தி அனுப்பின. அதைப் பயன்படுத்தும் அத்தனை மென்பொருளும், மீண்டும் தொடங்கிய கையோடு, சேர்ந்து திருந்தின. பொது லைப்ரரி என்ற ஏற்பாட்டின் அருமையே அதுதான். கையால் கொண்டுவந்து போட்ட கோப்புக்கு அந்தத் திருத்தம் வராது. அது அங்கே இருக்கிறது என்று புதுப்பிக்கும் ஏற்பாட்டில் யாருக்கும் தெரியாது.

பழையதை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் முதல் பதில். மூல ஆசிரியர்கள் கைவிட்ட லைப்ரரியில் ஓட்டை தெரியவந்தால், அதை அடைப்பது தொகுப்பைப் பராமரிப்பவர் தலையில் விழுகிறது. அவர் பெரும்பாலும் மாலை நேரத்தில், சம்பளமில்லாமல் இதைச் செய்பவர். தொகுப்பைப் புதிய கம்பைலரில் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) மறுபடி உருவாக்கிப் பார்க்க வேண்டும். பழைய நிரல் புதிய கம்பைலரில் முறியும். அதைச் சரிசெய்ய அது சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும் பழையதாகவே வைக்க வேண்டும். க்யூட்டி 4 என்ற வரைகலை லைப்ரரிக்கு 2015 இறுதியில் ஆதரவு நின்றது. அது எழுதப்பட்டது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0-க்காக. ஆக, க்யூட்டி 4-ஐக் காப்பாற்ற வேண்டுமானால் ஒன்று அதற்கு ஒட்டுப்போட வேண்டும், அல்லது அந்தப் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் காப்பாற்ற வேண்டும். ஒரு பழசு இன்னொரு பழசைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இந்தச் சங்கிலியை எங்காவது அறுக்கத்தான் வேண்டும். டெபியன் 11-இலும் உபுண்டு 20.04-இலும் க்யூட்டி 4 இல்லை.

அறுக்கும் முறையும் ஒன்றும் முரட்டுத்தனமானதல்ல. பெரிய நிறுவனங்கள் பின்பற்றினாலும் பாராட்டலாம் என்னும் அளவுக்கு நாகரிகமானது. டெபியனில் முதலில் அந்தத் தொகுப்பை எவையெல்லாம் சார்ந்திருக்கின்றன என்று பட்டியலெடுப்பார்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு பிழை அறிக்கை பதிவாகும்: “இது போகப்போகிறது, மாறிக்கொள்ளுங்கள்.” சில மாதம் கழித்து அந்த அறிக்கைகளின் தீவிரம் உயர்த்தப்படும். அப்போதும் மாறாத தொகுப்புகள் அடுத்த வெளியீட்டுக்கான வரிசையிலிருந்து தாமாகவே விலக்கப்படும். சார்ந்திருப்பவை எல்லாம் ஒழிந்த பிறகே, களஞ்சியப் பொறுப்பாளர்களிடம் நீக்கக் கோரிக்கை போகும். ஏற்கெனவே வெளியான நிலைப்பதிப்பில் அது தொடர்ந்து இருக்கும். பழைய கோப்புகளின் காப்பகமும் உண்டு. ஃபெடோராவில், பராமரிப்பாளர் கைவிட்ட தொகுப்பு ஆறு வாரம் அநாதையாக இருந்தால் ஓய்வு பெறும். அங்கே இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. சிக்கல் தரக்கூடிய நீக்கப்பட்ட தொகுப்புகளின் பெயர்களை மட்டும் சுமந்த ஒரு தனித் தொகுப்பு, நீங்கள் கணினியைப் புதுப்பிக்கும்போது அவற்றை அகற்றிவிடும். இல்லாவிட்டால் களஞ்சியத்தில் இல்லாத பழைய தொகுப்பு உங்கள் வட்டில் திருத்தம் ஏதும் இல்லாமல் கிடந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு கவனமான முறையில் எங்கே ஓட்டை? சார்ந்திருப்பவர்களின் பட்டியலில்தான். அந்தப் பட்டியல் களஞ்சியத்துக்கு உள்ளே இருக்கும் மென்பொருள்களை மட்டுமே அறியும். வெளியே இருந்து வந்து நிறுவப்பட்டவை அதில் தெரியாது.

எல்லையூர்களின் ஜெராக்ஸ் கடை, அழைப்பிதழ் அச்சகம், அரசு விண்ணப்பங்களை நிரப்பித் தரும் கடை இவற்றில் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய சிறிய லேசர் பிரிண்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு லினக்ஸில் தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், மூலநிரல் இல்லாதது; வெளியாட்கள் அதைத் திருத்த முடியாது. அதன் ஒரு பகுதி பழைய தலைமுறைச் சிப்களுக்கான 32-பிட் வடிவில் உருவாக்கப்பட்டது. கணினி 64-பிட். ஆகவே அந்த டிரைவருக்காக 32-பிட் லைப்ரரிகளையும் கூடவே நிறுவ வேண்டும். அப்படி நிறுவிவிட்டுப் போனது சர்வீஸ் செய்யும் தம்பியாக இருப்பார். கடைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை விளக்கு எரிந்தால் அச்சு வரும் என்பதுதான். இவர் டெபியனின் பட்டியலில் இல்லை. எந்தத் தொகுப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ஏற்பாடு டெபியனில் உண்டு என்றாலும், நிறுவும்போது ‘வேண்டாம்’ என்பதே அதன் முன்தெரிவு. பயனாளரை வேவு பார்க்காத அந்தப் பண்பை நான் மதிக்கிறேன். அது மாறக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. இந்தக் கடைக்காரர் யாருடைய கணக்கிலும் வரமாட்டார்.

அறிவிப்பு ஒன்று வந்து, எதிர்ப்பு கிளம்பும்போதுதான் சார்ந்திருப்பவர் யார் என்பதே தெரியவருகிறது. 2019 ஜூனில் உபுண்டு, அடுத்த பதிப்பான 19.10 முதல் 32-பிட் தொகுப்புகளை அடியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் தரப்பிலிருந்து, அந்தப் பதிப்பை அதிகாரபூர்வமாக ஆதரிக்க மாட்டோம் என்ற பதில் வந்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ‘வைன்’ திட்டத்தினரும் கவலை தெரிவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் முடிவு திருத்தப்பட்டது. தேர்ந்தெடுத்த 32-பிட் லைப்ரரிகள் 19.10-இலும் 20.04-இலும் தொடரும் என்றார்கள். 2025 ஜூனில் ஃபெடோராவில் இதே கதை மறுபடி நடந்தது. ஃபெடோரா 44 முதல் 32-பிட் லைப்ரரிகளைக் கைவிடலாம் என்ற முன்மொழிவு, விளையாட்டுச் சமூகத்தின் எதிர்ப்பால் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டு முறையும் முடிவை மாற்றியவர்கள் விளையாட்டுக்காரர்கள். அவர்கள் எதிர்த்தது நியாயமே. ஆனால் கவனியுங்கள்: ‘தேர்ந்தெடுத்த’ லைப்ரரிகள் என்றால், குரல் கொடுத்தவர்களுக்குத் தேவையான லைப்ரரிகள். வேலந்தாவளத்து அச்சகத்தின் பிரிண்டர் டிரைவர் கேட்கும் லைப்ரரி அந்தப் பட்டியலில் இருந்தால் அது தற்செயல். முடிவெடுத்தவர்கள் மீது இதற்குப் பழி போட மாட்டேன். தெரியாத ஒருவரை அவர்கள் எப்படிக் கணக்கில் எடுப்பார்கள்? நம் பக்கத்திலிருந்து யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

பள்ளிகளுக்கு வருவோம். நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. 18.04-இலிருந்து 20.04-ஐத் தொடாமல் 22.04-க்குப் போகும் எந்த நிறுவனத்துக்கும் இரண்டு சுற்று நீக்கங்கள் ஒரே நாளில் வந்து விழும். 18.04-இல் இருந்த க்யூட்டி 4 இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1 இல்லை. 32-பிட் லைப்ரரிகள் சுருங்கிவிட்டன. பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பைச் சார்ந்திருந்த எத்தனையோ சிறு தொகுப்புகள் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு படியிலும் நின்று ஏறியவருக்கு மெல்ல வந்த மாற்றம், தாண்டிக் குதித்தவருக்கு ‘புதுப் பதிப்பு போட்டதும் எல்லாம் கெட்டுப்போய்விட்டது’ என்ற அனுபவமாகிறது. உண்மையில் புதுப் பதிப்பு கெடுக்கவில்லை. நான்காண்டுகளில் வந்த எச்சரிக்கைகள் எதுவும் அந்த ஆசிரியரின் கண்ணில் படவில்லை.

பைத்தானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேரளத்துப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் மொழி அது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2.7-ஐ 2015-இல் நிறுத்துவதாக இருந்து, 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். பதினோரு ஆண்டு அவகாசம். அப்படியும் கடைசி ஆண்டில் டெபியன் பராமரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான தொகுப்புகளுடன் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. டெபியன் 12-இல் பைத்தான் 2 அறவே இல்லை. பழைய பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இது எப்படித் தெரியவரும்? ‘பிரின்ட்’ என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாவிட்டால் பைத்தான் 3 உடனே பிழை காட்டும். அது நல்லது; திருத்திக்கொள்ளலாம். வகுத்தல் அப்படியல்ல. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2 கொடுத்த விடை 3. பைத்தான் 3 கொடுப்பது 3.5. பிழைச்செய்தி ஏதும் இல்லை, விடை மட்டும் வேறு. மதிப்பெண் சராசரி கணக்கிடும் ஒரு சிறிய நிரலில் இது நுழைந்தால், ஒப்பிட்டுப் பார்க்க யாராவது இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால், இரண்டையும் கொஞ்ச காலம் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பளித்த அந்த இணக்கக் காலம் வீணானதல்ல. வீணானது, அந்தக் காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டதுதான்.

நீக்கவே முடியாத பழசுகளும் இருக்கின்றன என்பதையும் இந்த எல்லைப்பகுதிக்காரன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்களின் தனி வடிவங்கள்), எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் பொதுத் தரமான யூனிகோட், தன் 5.1 பதிப்பில் 2008-இல் தனி இடங்கள் ஒதுக்கியது. அதற்கு முன் அவை மெய்யெழுத்து, சந்திரக்கலை (தமிழின் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி என்ற மூன்றின் சேர்க்கையாக எழுதப்பட்டன. இரண்டு முறையிலும் எழுதிய கோப்புகள் இன்றும் புழங்குகின்றன. எழுத்துருவும் தேடுபொறியும் இரண்டையும் ஏற்கத்தான் வேண்டும். யூனிகோட் ஒருமுறை சேர்த்த எழுத்தை நீக்குவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறது. மனிதர் எழுதிவைத்த எழுத்துக்கு அந்த உறுதி அவசியம். நிரலுக்கு அப்படி ஓர் உறுதியை யாரும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், தமிழில் பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அழைப்பிதழ்களையும் பள்ளி ஆவணங்களையும் அவற்றைத் திறக்கும் மென்பொருள் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விளங்கும். மென்பொருள் போனபின் வெறும் கோப்பு மிஞ்சும். அதைப் படிக்க முடியாது.

32-பிட்டின் நிலை இன்று என்ன? 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியான டெபியன் 13-இல், பழைய 32-பிட் கணினிகளுக்கான கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, நிறுவியும் (இயங்குதளத்தை நிறுவும் மென்பொருள்) இல்லை. 32-பிட் லைப்ரரிகள் இருக்கின்றன, ஆனால் 64-பிட் கணினியில் பழைய நிரல்களை ஓட்டுவதற்கு மட்டும். இதே வெளியீட்டில்தான் நேரத்தைக் குறிக்கும் எண்ணை மற்ற 32-பிட் பிரிவுகளில் (வேறு வகைச் சிப்களுக்கானவை) 64-பிட்டுக்கு அகலமாக்கினார்கள். 32-பிட்டில் விநாடிகளை எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடத்தில் நிரம்பிவிடும் என்பது காரணம். இன்டெல் 32-பிட் பிரிவை மட்டும் வேண்டுமென்றே மாற்றாமல் விட்டார்கள். மாற்றினால் மூலநிரல் இல்லாத பழைய நிரல்கள், நம் பிரிண்டர் டிரைவர் போன்றவை, அன்றைக்கே நின்றுவிடும் என்பதால். அவற்றை ஓட்டுவதற்காகவே உயிரோடு வைத்திருக்கும் ஒரு பிரிவு, அவற்றுக்காகவே 2038-இன் குறையையும் சுமந்துகொண்டிருக்கிறது. கைவிடுகிறார்கள், அக்கறையில்லை என்று இந்த மனிதர்களைக் குறை சொல்பவர்கள் இந்த ஒரு முடிவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீக்கம் வேண்டும் என்பதே என் கட்சி. அதோடு சில கோரிக்கைகளும் உண்டு. நீண்டகால ஆதரவுள்ள ஒரு பதிப்பு முழுவதும், நீங்கப்போகும் தொகுப்பு ‘இதுவே கடைசி’ என்ற அறிவிப்போடு இருக்கட்டும். அந்த அறிவிப்பு ஆங்கில வெளியீட்டுக் குறிப்பின் நாற்பதாவது பத்தியில் கிடக்காமல், தொகுப்பைப் புதுப்பிக்கும்போது திரையிலேயே, பயனாளர் தேர்ந்தெடுத்த மொழியில் வரட்டும். டெபியனின் நிறுவியே தமிழில் பேசும்போது இது முடியாத காரியமல்ல. மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அந்த ஆட்கள் நாம்தான். கைட் போன்ற நிறுவனங்கள், புதிய பதிப்பில் எவை சேர்ந்தன என்பதோடு எவை நீங்கின, அவற்றுக்குப் பதில் எது என்ற பட்டியலையும் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் ஆசிரியர்களுக்குக் கொடுக்கலாம். பாடப்புத்தகத்தை இந்த மொழிகளில் கொடுக்கிறவர்களுக்கு இது கூடுதல் சுமையாகாது.

கடைகளிலும் ஆய்வகங்களிலும் செய்ய வேண்டியது இப்போதே செய்யக்கூடியது. கணினியில் 32-பிட் பிரிவு இயக்கத்தில் இருக்கிறதா என்று டெபியன், உபுண்டுவின் தொகுப்புக் கருவியான டிபிகேஜியிடம் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடும். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் வட்டில் மட்டும் இருக்கும் தொகுப்புகளை ஆப்ட் என்ற இன்னொரு கருவி பட்டியலிட்டுக் காட்டும். கையால் போட்ட பழைய லைப்ரரிகள் அங்கே வெளிப்படும். மூலநிரல் இல்லாத டிரைவர் எந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்பதை எல்டிடி கட்டளை காட்டும். கிடைத்ததை ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவையுங்கள், அடுத்து வரும் சர்வீஸ்காரருக்குத் தெரியட்டும். மாற்று இல்லாத டிரைவர் என்றால், பழைய இயங்குதளத்தை இணையத் தொடர்பில்லாத ஒரு பழைய கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அச்சுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கலாம். உபுண்டு 18.04-இன் பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதை இன்னும் இணையத்தில் விட்டிருப்பவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். 22.04-க்கு 2027 வரை நேரம் இருக்கிறது. அசல் 32-பிட் கணினி வைத்திருப்பவர்களுக்கு டெபியன் 12-இன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரை உண்டு. அதற்குள் உங்கள் பிரிண்டரின் பெயரையும் அது கேட்கும் லைப்ரரியின் பெயரையும் டெபியனின் பிழைப் பதிவில் ஒரு முறை பதிந்துவிடுங்கள்.